பனியே விழவில்லை, பள்ளிக்கூடம் ஏன் மூடினாங்க?

டிசம்பர் 9, காலை 8:10 | புதுக்குடி

அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்தோட வடமேற்கு மூலை, ரெட் ரிவர் பள்ளத்தாக்கு. ஊருக்குள்ளதான் வீடு. ராத்திரி ஒரு பொட்டு பனி விழல. காலையில ரோடு கறுப்பாவே கிடக்கு, வானம் நீலமா இருக்கு. ஆனா அஞ்சரைக்கே பள்ளி மாவட்டத்திலேர்ந்து தானியங்கி அழைப்பு, இன்னைக்கு லீவுன்னு. எதுக்கு?

இன்னொண்ணு. ஆகஸ்ட்ல குடுத்த படிவக் கட்டுல ‘புயல் வீடு’ன்னு ஒரு தாள் இருக்கு. அதை நிரப்பலைன்னு ஆபீஸ்ல ரெண்டு தடவை கேட்டாச்சு. ஊருக்குள்ளயே இருக்கிறவங்க அதுல என்ன எழுதறது?

டிசம்பர் 9, காலை 9:25 | சரளைச்சாலை

முதல் கேள்விக்கு: உங்கள் தெருவைப் பார்த்து லீவு விடுவதில்லை. மாவட்டத்திலேயே நீளமான பேருந்துத் தடம் எதுவோ, அதன் கடைசி வீட்டுக்குப் போகும் சரளைச் சாலையைப் பார்த்துத்தான் விடுகிறார்கள்.

பனி விழாமலே பனிப்புயல் வரும். இங்கே அதற்குத் தரைப்புயல் என்று பெயர். போன வாரம் விழுந்த பனி இறுகாமல் பொடியாகக் கிடக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கு அகாசிஸ் என்ற பழைய பனிக்கால ஏரியின் அடித்தரை. தட்டு மாதிரி சமதளம். மைல் கணக்கில் மரமே கிடையாது. வடமேற்குக் காற்று எழுந்தால் அந்தப் பொடியை அப்படியே தூக்கிக்கொண்டு ஓடும். அண்ணாந்து பார்த்தால் நீல வானம். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் உயரத்தில் வண்டியின் மூக்குகூடத் தெரியாது. வானிலைத் துறை பனிப்புயல் என்று சொல்வதற்கு மேலிருந்து பனி விழ வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. காற்று மணிக்கு 35 மைல், பார்வைத் தூரம் கால் மைலுக்கும் குறைவு, இது 3 மணி நேரம் நீடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஊருக்குள் வீடும் மரமும் காற்றை மறிப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. தானியக் கிடங்கைத் தாண்டி ஒரு மைல் போனால் வேறு உலகம்.

இரண்டாவது கேள்விக்கு மாலையில் எழுதுகிறேன். அது பெரிய விஷயம்.

டிசம்பர் 9, காலை 11:40 | சரளைச்சாலை

விட்டுப்போனது: அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பது.

பள்ளி மாவட்டம் என்றதும் நம்மூர் கல்வி மாவட்டம் நினைவுக்கு வரும். அதுவல்ல இது. மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம், சொந்த வரி, சொந்தப் பேருந்து என்று தனியாக நிற்கும் அமைப்பு. லீவு விடுவது வாரியத்தின் கீழ் வேலை செய்யும் கண்காணிப்பாளரின் பொறுப்பு. ஆளுநரே மாநிலம் முழுக்க மூடுவது அபூர்வம். 1996 பிப்ரவரி 2 அன்று டவர் என்ற ஊரில் மைனஸ் 60 டிகிரி பதிவான நாளில் நடந்தது. 2014 ஜனவரி 6 அன்று ஆளுநர் மார்க் டேட்டன் அப்படி மூடினார். (இந்த இழையில் டிகிரி என்றால் ஃபாரன்ஹீட். மைனஸ் 60 என்பது செல்சியஸில் மைனஸ் 51.)

மற்ற நாளெல்லாம் உள்ளூர்க் கணக்குதான். விடிகாலை 4 மணிக்குக் கண்காணிப்பாளரோ போக்குவரத்துப் பொறுப்பாளரோ வண்டியை எடுத்துக்கொண்டு மோசமான சாலைகளைப் பார்த்து வருவார். கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பகுதி) நெடுஞ்சாலைத் துறையைக் கூப்பிட்டு, பனிவாரி வண்டிகள் எந்த மணிக்கு எந்தச் சாலையில் இறங்கும் என்று கேட்பார். பக்கத்து மாவட்டங்களின் கண்காணிப்பாளர்களோடும் பேசிக்கொள்வார்கள், ஏனென்றால் விளையாட்டு அணிகளும் தொழிற்கல்வி வகுப்புகளும் பல இடங்களில் கூட்டாக நடக்கின்றன. முதல் பேருந்து 6 மணி வாக்கில் கிளம்பும். அதனால் அஞ்சரைக்குள் சொல்லியாக வேண்டும்.

மூடுவதா, 2 மணி நேரத் தாமதமா, பாதியில் வீட்டுக்கு அனுப்புவதா என்று மூன்று வழி. தாமதம் ஏன் சரியாக 2 மணி நேரம்? டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் எழவே 8 மணி தாண்டும். 2 மணி நேரம் தள்ளினால் பேருந்து வெளிச்சத்தில் ஓடும், பனிவாரியும் ஒரு சுற்று போய் வந்திருக்கும், மதியச் சாப்பாட்டு நேரத்தை மாற்ற வேண்டியிருக்காது. மூன்றில் கெட்டது பாதியில் அனுப்புவதுதான். குழந்தை போய்ச் சேரும்போது வீட்டில் ஆள் இருப்பார்களா என்று யாருக்கும் தெரியாது. புயல் வீட்டுத் தாள் அங்கேதான் வருகிறது.

டிசம்பர் 9, மதியம் 1:05 | பட்டறை

சாலை மட்டுமில்ல அக்கா, வண்டியும் கிளம்பணும்ல. காற்றுக்குளிர், அதாவது காற்றோட சேர்த்து உணர்ற குளிர், மைனஸ் 40ன்னா டீசல் உறைஞ்சிடும். இரண்டாம் நம்பர் டீசல்ல மெழுகு இருக்கு. 14 டிகிரி வாக்கில கலங்க ஆரம்பிக்கும். இன்னும் குளிர்ந்தா அந்த மெழுகு ஃபில்டரை அடைச்சிடும். வண்டி ஸ்டார்ட் ஆகி ரெண்டு மைல் ஓடி நடுவழியில நிக்கிறது இதாலதான். அதுக்காகக் குளிர்காலத்துல முதல் நம்பர் டீசலைக் கலப்பாங்க. உறைதடுப்பு மருந்தும் ஊத்துவாங்க. இன்ஜினைச் சூடா வைக்கிற பிளாக் ஹீட்டரை ராத்திரி முழுக்க செருகி வச்சா காலையில பிரச்சினையே இல்ல.

டிசம்பர் 9, இரவு 8:50 | சரளைச்சாலை

புயல் வீடு. இந்த இழையில் ஒன்றே ஒன்றைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பகலில் புயல் எழுந்து பேருந்து கிளம்ப முடியாமல் போனால், ஊருக்கு வெளியே வீடுள்ள பிள்ளை எங்கே தூங்கும்? அதற்குப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை முன்கூட்டியே குறித்து வைப்பது புயல் வீடு. மினசோட்டாவிலும் டகோட்டாக்களிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஏற்பாடு.

இதன் வேர் ஆழமானது. 1888 ஜனவரி 12 அன்று நெப்ராஸ்கா, டகோட்டா, மினசோட்டாப் பகுதிகளில் காலை இதமாக விடிந்தது. பிள்ளைகள் கனத்த கோட்டு இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். பல இடங்களில் வீடு திரும்பும் நேரத்தில் புயல் சுவர் போல வந்து மோதியது. இறந்தவர்கள் 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பள்ளிப்பிள்ளைகள் பலர் என்பதால் அதற்குப் பள்ளிக்கூடப் பனிப்புயல் என்றே பெயர் வந்துவிட்டது. 1920 மார்ச்சில் வடக்கு டகோட்டாவின் சென்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில், பள்ளியிலிருந்து பனிவண்டியில் திரும்பும்போது வழி தவறிய ஹேசல் மைனர் என்ற 15 வயதுப் பெண், தம்பியையும் தங்கையையும் தன் உடம்பால் மூடிக் காப்பாற்றிவிட்டு இறந்தாள். இதெல்லாம் இங்கே பாடப்புத்தகச் செய்தி இல்லை. படிவம் கேட்டு அலுவலகத்தில் இரண்டு முறை நச்சரிக்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது இதுதான்.

எழுத வேண்டியவை: வீட்டுக்காரர் பெயர், முகவரி, இரண்டு தொலைபேசி எண்கள். பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து. பிள்ளையை யார் யார் கூட்டிப்போகலாம் என்ற பட்டியல். பிள்ளைக்குப் பிடித்த நண்பன் வீடாகப் பார்த்து எழுதுங்கள், பயப்படாமல் தூங்கும்.

நீங்கள் ஊருக்குள் இருக்கிறீர்கள். ‘தேவையில்லை, நடந்தே வீடு வரலாம்’ என்று எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அதே தாளின் அடியில், வேறு பிள்ளைகளுக்கு நாங்கள் புயல் வீடாக இருக்கத் தயார் என்று ஒரு வரி சேருங்கள்.

டிசம்பர் 10, காலை 6:30 | சரளைச்சாலை

நேற்று எழுதியதில் இரண்டைத் திருத்த வேண்டும்.

நண்பன் வீடு என்றேன். நண்பன் வீடு பள்ளியிலிருந்து இரண்டு மைல் என்றால் அது புயல் வீடே இல்லை. பேருந்து ஓடாத நேரத்தில் அங்கேயும் பேருந்து ஓடாது. முதலில் தூரம்: பெரியவர் ஒருவர் கூட நடந்து கொண்டுபோய் விடக்கூடிய தூரம். நட்பு அதற்குப் பிறகு. தொடக்கப் பள்ளியில் ஒன்று, உயர்நிலையில் ஒன்று என்று இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு படிவத்திலும் ஒரே வீட்டை எழுதுங்கள். பெரியவன் ஒரு வீட்டிலும் சின்னவள் ஒரு வீட்டிலும் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது, ‘நடந்தே வீடு வரலாம்’ என்பது. நீங்கள் இருவரும் வெளியூரில் வேலை செய்து புயலில் அங்கேயே சிக்கிக்கொண்டால்? நெடுஞ்சாலைத் தடுப்புக் கதவை இறக்கிவிட்டால் உங்களால் ஊருக்குத் திரும்ப முடியாது. பிள்ளை நடந்து வந்து பூட்டிய கதவின் முன்னால் நிற்கும். ஆகவே ஊருக்குள் இருப்பவர்களும் ஒரு வீட்டை எழுதத்தான் வேண்டும். நேற்று நான் சொன்னது தப்பு.

டிசம்பர் 10, காலை 7:15 | பட்டறை

நானும் ஒண்ணு திருத்திக்கிறேன். காற்றுக்குளிர் டீசலை உறைய வைக்காது. அது தோலுக்குப் போட்ட கணக்கு. காற்று எவ்வளவு அடிச்சாலும் இரும்பும் எண்ணெயும் தெர்மாமீட்டர் காட்டுற வெப்பத்துக்குக் கீழ போகாது. சூடா நிறுத்தின இன்ஜின் சீக்கிரமா ஆறிடும், அவ்வளவுதான். காற்று மைனஸ் 15, காற்றுக்குளிர் மைனஸ் 40ன்னா டீசலுக்குக் கணக்கு மைனஸ் 15தான். பட்டறையிலேயே இதைக் குழப்பிக்கிறவங்க உண்டு.

ராத்திரி முழுக்க ஹீட்டர்னு சொன்னதும் வீண் செலவு. கிளம்புறதுக்கு 3, 4 மணி நேரம் முன்னாடி டைமர் வச்சா போதும். ஒரு ஹீட்டர் சுமார் 1000 வாட்னு வைங்க. பத்து பேருந்து, ஆளுக்கு 8 மணி நேரம் கூடுதல்னா ஒரு ராத்திரிக்கு 80 யூனிட் சும்மா போகுது. கடுங்குளிர் அறிவிப்பு வந்த ராத்திரி மட்டும் முழுக்க விடலாம்.

உறைதடுப்பு மருந்தை டீசல் கலங்குறதுக்கு முன்னாடி ஊத்தணும். கலங்கின பிறகு ஊத்தினா மெழுகு கரையாது. டேங்குல முதல்ல மருந்து, அது மேல டீசல் பிடிச்சா நல்லா கலக்கும்.

டிசம்பர் 10, காலை 7:40 | பட்டறை

டீசல் மட்டும் இல்ல. ஏர் பிரேக் தொட்டியில ஈரம் தங்கும். அது குழாயில உறைஞ்சா பிரேக் விடாது, இல்ல பிடிக்காது. தினமும் வண்டி நிறுத்தினதும் தொட்டி வடிகாலைத் திறந்து தண்ணியை விடணும், ஈரத்தை உறிஞ்சுற ஏர் டிரையர் கேட்ரிட்ஜை இலையுதிர் காலத்திலேயே மாத்திடணும். புகையைச் சுத்தம் பண்ற யூரியா திரவம் 12 டிகிரியிலேயே உறையும். அதுக்குப் பயப்பட வேணாம், உறைஞ்சாலும் வண்டி கிளம்பும், ஓட ஓட ஹீட்டர் இளக்கிடும். கேன்ல மிச்சம் வச்சிருந்தா கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க, உறையும்போது விரிஞ்சு வெடிக்கும். கார் டயர்ல 10 டிகிரி குறைஞ்சா சுமார் ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் குறையும். அக்டோபர்ல 50 டிகிரியில பார்த்த டயரு மைனஸ் 20ல 7 பிஎஸ்ஐ கம்மியா நிக்கும்.

டிசம்பர் 10, இரவு 9:30 | புதுக்குடி

அண்ணே, டீசல் எல்லாம் சரி. பிள்ளைக்கு என்ன போட்டு அனுப்பறது? பூஜ்யம் டிகிரியிலயும் மைதானத்துக்கு விடுறாங்களாமே!

டிசம்பர் 11, காலை 5:50 | சரளைச்சாலை

விடுவார்கள். எந்த டிகிரி வரை என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். பூஜ்யத்துக்குக் கீழே போனால் உள்ளே என்பது பல இடங்களில் வழக்கம். உங்கள் பள்ளிக் கையேட்டில் இருக்கும், பாருங்கள்.

பூஜ்யம் டிகிரியில் 15 மைல் காற்று அடித்தால் காற்றுக்குளிர் மைனஸ் 19. வானிலைத் துறை அட்டவணைப்படி அந்த அளவில் மூடாத தோலில் 30 நிமிடத்தில் பனிக்கடி வரலாம். பேருந்துக்காகக் காத்திருக்கும் 10 நிமிடம், மைதானத்தில் 20 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விரல் விரலாகப் பிரிந்த கையுறை சின்னப் பிள்ளைக்கு வேண்டாம். நாலு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு. இரண்டு ஜோடி அனுப்புங்கள், ஒன்று இடைவேளையிலேயே நனைந்துவிடும். உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும். கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். பூட்ஸ் அரை அளவு பெரிதாக, உள்ளே விரல் அசையும்படி. இறுகினால் இரத்தம் ஓடாது, கால் விறைக்கும். கழுத்துக்குத் தொங்கும் மப்ளர் வேண்டாம், சறுக்கு மரத்தில் மாட்டினால் கழுத்தை இறுக்கும். தலைவழியாக மாட்டும் குழாய்த்துணி வாங்குங்கள். வகுப்பறைக்குத் தனியாக ஒரு ஜோடி ஷூ. எல்லாவற்றிலும் பெயர். நீலப் பனிக்கால்சட்டை ஒரே வகுப்பில் ஆறேழு இருக்கும்.

காரில் குழந்தை இருக்கையில் உட்கார வைக்கும்போது பஞ்சுக் கோட்டைக் கழற்றிவிட்டு வாரைப் போடுங்கள். கோட்டோடு போட்டால் இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். மோதலில் பஞ்சு அமுங்கி வார் தொளதொளவென்று ஆகிவிடும். வாரைப் போட்ட பிறகு கோட்டை முன்பக்கமாகத் திருப்பிப் போர்த்திவிடுங்கள்.

டிசம்பர் 12, இரவு 7:20 | சரளைச்சாலை

தனிச்செய்தியில் ஒருவர் கேட்டது: பேருந்து நடுவழியில் சிக்கினால்?

இறங்கக் கூடாது. 1931 மார்ச் 26 அன்று கொலராடோவின் டவுனர் பக்கத்தில் 20 பிள்ளைகளோடு ஒரு பள்ளிப் பேருந்து புயலில் சிக்கியது. ஓட்டுநர் கார்ல் மில்லர் உதவி தேடி நடந்து போய் இறந்தார். பிள்ளைகளில் 5 பேர் இறந்தார்கள். இன்று ஒவ்வொரு வண்டியிலும் ரேடியோ இருக்கிறது, பாதை பதிவாகிறது. வண்டிக்குள் இருப்பவரைக் கண்டுபிடிக்கலாம், வயலில் நடப்பவரைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் சொந்தக் காருக்கும் இதே விதிதான். புகைக்குழாய் வாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இன்ஜினை ஓட விடுங்கள், மூடியிருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். மணிக்கு 10 நிமிடம் ஓட்டினால் போதும், காற்று வராத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு.

பள்ளிப் பேருந்து மஞ்சளாக இருப்பதற்கும் கதை உண்டு. 1939இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாட்டில்தான் அந்த நிறம் முடிவானது. அரையிருட்டிலும் அதில் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும். மினசோட்டாவில் அது சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் இருபக்கத்து வண்டிகளும் குறைந்தது 20 அடி தள்ளி நிற்க வேண்டும். மீறினால் அபராதம் 500 டாலரிலிருந்து தொடங்கும். பனிச்சாலையில் 20 அடியில் நிற்க, அதற்கு வெகு முன்பே பிரேக்கில் கால் இருக்க வேண்டும்.

டிசம்பர் 14, மதியம் 2:00 | அடுப்படி

புதுக்குடி, வெள்ளிக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்துக்குத் தீனிக் கடையில நிக்க உங்க பேரையும் எழுதியிருப்பாங்க. போங்க. இந்த ஊர்ல குளிர்காலத்துல எல்லாரும் எல்லாரையும் பார்க்கிற இடம் ஆட்டம் நடக்கிற அந்தப் பள்ளி ஜிம் மட்டும்தான். புயல் வீட்டுக்கு யாரைக் கேக்கறதுன்னு தயங்கினீங்கன்னா அங்கேதான் பதில் கிடைக்கும்.

வேலை சொல்றேன். 8 அவுன்ஸ் பாப்கார்ன் கொப்பரைக்குச் சோளம் ஒரு கப், தேங்காயெண்ணெய் மூணுல ஒரு பங்கு கப், மஞ்சள் நிறத்துல வர்ற பாப்கார்ன் உப்புப் பொடி ஒரு டீஸ்பூன். உப்பை எண்ணெயோடவே போடணும், பொரிஞ்ச பிறகு தூவினா ஒட்டாது. பொரியிற சத்தம் ரெண்டு மூணு நொடிக்கு ஒண்ணுன்னு குறைஞ்சதும் கவுத்துடுங்க.

மின்சாரத்துலதான் எல்லாரும் தடுக்கி விழறது. சுவர்ல 15 ஆம்ப் சர்க்யூட்னா மொத்தம் 1800 வாட். இறைச்சி சூடு பண்ற ரோஸ்டர் சுமார் 1450, காபி அண்டா 1500. ரெண்டையும் ஒரே சுவர்ல செருகினா பாதி ஆட்டத்துல கடை இருட்டாயிடும். சின்ன ஸ்லோ குக்கர் 250, 300தான், அதை நாலஞ்சு சேர்த்து வைக்கலாம்.

பொதுச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுபோறதுன்னா, எலுமிச்சை சாதம் போதும். ஆறினாலும் நல்லா இருக்கும், பிளக் வேணாம். நிலக்கடலை போட்டா பாத்திரத்து மேல பெருசா எழுதி ஒட்டுங்க. இங்க கடலை ஒவ்வாமையை ரொம்பக் கவனமா பார்ப்பாங்க. முந்திரியும் அப்படித்தான். ரெண்டும் இல்லாம கடலைப்பருப்பு மட்டும் தாளிச்சுடுங்க.

டிசம்பர் 14, மாலை 5:45 | சரளைச்சாலை

அடுப்படி சொன்னதோடு சேர்த்து, குளிர்காலத்துத் தேதிகள் சில. டிசம்பரில் வரி விதிப்பு பற்றிய பொதுக்கூட்டம் நடக்கும். மாலை 6 மணிக்கு முன்பு தொடங்கக் கூடாது என்பது சட்டம், வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்பதற்காக. உங்கள் வீட்டுவரித் தாளில் பள்ளிப் பங்கு ஏன் ஏறியது என்று அங்கே யாரும் எழுந்து கேட்கலாம். பேருந்துக்கு எவ்வளவு போகிறது என்பதும் அங்கேதான் தெரியும். ஜனவரியின் முதல் திங்களன்று புது வாரியம் கூடும். ஜனவரி 15 அடுத்த கல்வியாண்டுக்கு வேறு மாவட்டப் பள்ளிக்கு மாற விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாறினால் ஒன்று நினைவிருக்கட்டும்: மாவட்ட எல்லை வரை பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது பொதுவாக உங்கள் பொறுப்பு. ஜனவரிக் காலையில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

லீவு விட்டால் ஜூனில் ஈடு செய்வார்களா என்றும் கேட்டிருந்தார்கள். 1 முதல் 6ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 935 மணி நேரம், 7 முதல் 12 வரை 1020 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். பெரும்பாலான நாட்காட்டிகளில் அதற்குமேல் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். இணையவழி நாள் ஆண்டுக்கு 5 வரை எடுக்கலாம். பள்ளி தொடங்கும் நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், இணையம் இல்லாத பிள்ளைக்கும் வழி செய்ய வேண்டும். புயலுக்கு முந்தைய நாள் பையில் தாள் கட்டு வந்தால் அது வீட்டுப்பாடம் இல்லை, மறுநாளைய வகுப்பு.

டிசம்பர் 17, இரவு 10:15 | புதுக்குடி

படிவம் குடுத்தாச்சு. பள்ளிக்கு எதிர்த்தாப்புல ரெண்டாவது வீடு, ஓய்வுபெற்ற தபால்காரம்மா. தீனிக் கடையில பக்கத்துல நின்னாங்க, நானே கேட்டேன். சரின்னுட்டு, மரக்கறி மட்டும்தானான்னு அவங்களே கேட்டு எழுதிக்கிட்டாங்க. எங்க வீட்டையும் குடுத்தேன். வடக்குத் தடத்துல வர்ற அக்கா தம்பி ரெண்டு பேருக்கு நாங்க புயல் வீடு. என்னென்ன வாங்கி வைக்கணும்?

டிசம்பர் 18, காலை 6:05 | சரளைச்சாலை

நல்லது. இரண்டு இரவுக்குத் திட்டமிடுங்கள். புயல் ஒரு நாளில் விட்டாலும் கிராமச் சரளைச் சாலைக்குப் பனிவாரி கடைசியில்தான் வரும். முதலில் மாநில நெடுஞ்சாலை, பிறகு கவுண்டிச் சாலை, அதற்கும் பிறகுதான் அது.

ஆளுக்கு ஒரு போர்வை, பல்துலக்கி, மாற்றிக்கொள்ள ஒரு தொளதொளப்பான உடை. சமைக்காமல் சாப்பிடும்படி ரொட்டி, சீரியல், பழம். மின்சாரம் போனால் உங்கள் ஹீட்டர் ஓடுமா என்று பாருங்கள். எரிவாயு ஃபர்னஸாக இருந்தாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். எல்லோரும் ஒரே அறையில் படுக்கும்படி ஓர் அறையை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்து இருந்தால் பள்ளிச் செவிலியர் கையில் கொடுத்து அனுப்புவார், பிள்ளையின் பையில் தேடாதீர்கள்.

புயலுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பிள்ளைகளையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். குளியலறை எங்கே, நாய் இருக்கிறதா, இரவில் எந்த விளக்கு எரியும் என்பதெல்லாம் பகலிலேயே தெரிந்துவிடும். உங்கள் பிள்ளையையும் தபால்காரம்மா வீட்டுக்கு ஒருமுறை கூட்டிப்போய் வாருங்கள்.

புயலன்று பிள்ளைகள் வந்து சேர்ந்ததும் முதல் வேலை அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பிள்ளையிடம் கொடுப்பது. காற்று கொஞ்சம் அடங்கினதும் அப்பா டிரக்கில் வந்து கூட்டிப்போகிறேன் என்பார். சாலை திறந்துவிட்டது என்று கவுண்டி சொல்லும்வரை, சாப்பிட்டுத் தூங்குகிறார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள்.

டிசம்பர் 18, காலை 6:20 | பட்டறை

உங்க வாசல்ல போடற உப்பு 15 டிகிரிக்குக் கீழ வேலை செய்யாது. ஒரு வாளி மணல் வாங்கி உள்ள வைங்க. வெளியில வச்சா அதுவும் கட்டியாயிடும்.